பிப்ரவரி இரண்டுக்கு ஒதுக்கிய அறை

நிடியாவின் வீட்டில் வாடகைக்கு விட இரண்டு அறைகள் இருந்தன. ஒன்று தெருவைப் பார்த்தது, மற்றது ஆற்றைப் பார்த்தது. த்லகொதால்பன் சின்ன ஊர்தான், ஆனாலும் பன்னிரண்டு வருஷமாக அந்த அறைகள் காலியாகக் கிடந்த நாட்கள் குறைவு. திருவிழாவுக்கு வந்தவர்கள், நீலமும் மஞ்சளுமாக வர்ணம் பூசிய வீடுகளைப் படம் பிடிக்க வந்தவர்கள், சண்டையோடு வந்து சமாதானமாகத் திரும்பிய தம்பதிகள், சமாதானமாக வந்து சண்டையோடு திரும்பியவர்கள் என்று எத்தனையோ பேரை அவள் பார்த்துவிட்டாள். அவர்கள் பஸ் ஏறிய கையோடு படுக்கை விரிப்பை உருவி சோப்புத் தண்ணீரில் அமுக்குவாள். விரிப்பு நனையும்போதே படுத்திருந்தவரின் முகமும் மறந்துபோகும்.

மறப்பதற்கு அவள் பாடுபட்டுப் பழகியிருந்தாள். அவளுடைய புருஷன் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்கென்று கிழக்கே போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு பதினாலு வருஷமாகிவிட்டது. பிள்ளை கிடையாது. படகு ஓட்டுகிற தம்பி செவேரோ மட்டும் பக்கத்துத் தெருவில் இருந்தான். தினமும் காலையில் அக்கா வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போவான்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் ஃபெர்மின் என்று ஒருவர் வந்து இறங்கினார். ஐம்பது ஐம்பத்திரண்டு வயது இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டோடு வாசலில் நின்றார்.

செவேரோ அவரை மேலும் கீழும் பார்த்தான். "இது கோட்டா, இல்ல உள்ள ஆட்டையே போட்டுட்டு வந்திருக்கீங்களா?"

"வடக்கே சகதேகஸ்லேர்ந்து வர்றேன். எங்க ஊர்ல காலையில குழாய்த் தண்ணியே உறைஞ்சு கிடக்கும்" என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"இங்க உறையறதுக்கு ஒண்ணுமில்ல. உருகறதுக்குத்தான் ஆளுங்க வர்றாங்க. கழட்டுங்க முதல்ல."

ஆற்றைப் பார்த்த அறையை நிடியா அவருக்குக் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததிலிருந்து அவர் அந்த அறைக்கு வெளியே, தூண்கள் வைத்த தாழ்வாரத்தில் கிடந்த ஆடுநாற்காலியில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவாலயம் பார்க்கப் போகவில்லை, கடைத்தெருவுக்குப் போகவில்லை. பதினோரு மணிக்கு நிடியா இரண்டாவது தடவை காப்பி கொண்டுபோய் வைத்தாள்.

"ஆத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க" என்றார். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரி எஸ்தெலாவுக்குப் பெரிய ஆறு ஒண்ணைப் பார்க்கணும்னு ஆசை. எங்க ஊர்லயும் ஆறுன்னு ஒண்ணு இருக்கு. வருஷத்துல பத்து நாள்தான் அதுக்குத் தண்ணி ஞாபகம் வரும். லீவு கிடைக்கட்டும், லீவு கிடைக்கட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு. இப்பத்தான் லீவு போட்டேன்."

நிடியா தூணில் சாய்ந்துகொண்டாள். "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டாள்.

"ரோப் கார் ஓட்டறேன். ஊர் பார்க்க வர்றவங்களை இந்த மலையிலேர்ந்து அந்த மலைக்கு. இருபத்தாறு வருஷமா. நான் எங்கயும் போனதில்ல."

"நானும் அப்படித்தான்" என்றாள் நிடியா. "வர்றவங்களைப் பார்த்தே காலம் ஓடிப்போச்சு." சொல்லிவிட்டு, எதற்காக இதையெல்லாம் இந்த மனுஷரிடம் சொல்கிறோம் என்று தோன்றியது. காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வருஷக் கடைசி நாளில் அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போகிற வருஷத்துக்குக் கிழவன் வேஷம் கட்டி, பஞ்சுத் தாடி ஒட்டி, டப்பா தட்டிப் பாடிக்கொண்டு வீடு வீடாக அழைத்துப்போவார்கள். செவேரோவின் கூட்டத்துக்கு அந்த வருஷம் கிழவன் கிடைக்கவில்லை. வழக்கமாக வேஷம் கட்டுகிறவனுக்குக் கால் சுளுக்கு.

"கோட்டுக்காரரைக் கூப்பிடுடா" என்றாள் பக்கத்து வீட்டு செபீனா. அவளுக்கு எப்போதும் வாய் முந்தும்.

ஃபெர்மின் மறுப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் எழுந்து போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். வயிற்றில் ஒரு தலையணை, கையில் ஒரு கோல். சாயங்காலம் நான்கு மணிக்கு நிடியாவின் முற்றத்தில் கிழவன் ஆடினான். முதலில் கூச்சமாக. அப்புறம் செவேரோ முக்காடு போட்டுக்கொண்டு கிழவனின் கர்ப்பிணிப் பெண்டாட்டியாக வந்து இடுப்பை ஒடித்து நிற்கவும், கிழவன் கோலைத் தூர எறிந்துவிட்டு அவளைச் சுற்றிச் சுற்றிக் குதித்தான். தாடி கழன்று வாய்க்குள் போனது. நிடியா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செபீனா ஆட்டத்தை விட்டுவிட்டு நிடியாவையே பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் ஆடுநாற்காலி இரண்டாயிற்று. நிடியா மீனைச் சுத்தம் செய்தபடி உட்கார்ந்திருப்பாள், அவர் ஆற்றைப் பார்ப்பார். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் படகிலிருந்து இறங்கிய செவேரோ, "என்னக்கா, ஆறு இன்னைக்கு எந்தப் பக்கமா ஓடுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குப் பறந்து வந்த மீன் தலையிலிருந்து தப்பி ஓடினான்.

ஜனவரி ஆறாம் தேதி, குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் நாள். சர்க்கரைப் பழத் துண்டுகள் பதித்த பெரிய வளைய ரொட்டியை செபீனா தூக்கிக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தில் தெருவே கூடியிருந்தது. ஆளாளுக்குக் கத்தியை வாங்கி ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். மாவுக்குள் ஒளித்துவைத்த குழந்தை ஏசு பொம்மை யார் துண்டில் அகப்படுகிறதோ, அவர் மாதா திருநாளான பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லாருக்கும், கறி வைத்த சோள மாவை இலையில் பொதிந்து அவிக்கிற தமால் செய்து போட வேண்டும். போன வருஷம் பொம்மை செவேரோவுக்குத்தான் கிடைத்தது. அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வீடு வரை வாயைத் திறக்காமல் போனவன் அவன். ஊருக்கே அது தெரியும்.

ஃபெர்மினின் கத்தி எதிலோ 'கிறீச்' என்று உரசியது. விரல் நீளம்கூட இல்லாத வெள்ளைப் பொம்மை. அவர் அதை எடுத்து, ஒட்டியிருந்த மாவைத் துடைத்துத் தட்டின் நடுவில் வைத்தார்.

"ஐயோ பாவம், மறைக்கக்கூடத் தெரியலையே இந்த மனுஷனுக்கு!" என்று செவேரோ தலையில் அடித்துக்கொண்டான்.

"நாளைக்குக் கிளம்பற ஆளுக்கா போய்ச் சேரணும்? இது செல்லாது. வேற துண்டு வெட்டுங்க" என்றாள் செபீனா.

"செல்லும்" என்றார் ஃபெர்மின். எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னார், கண் மட்டும் நிடியாவிடம் வந்து நின்றது. "பிப்ரவரி ரெண்டு. நான் வர்றேன். தமால் நான் போடறேன். அந்த அறை…"

"உங்களுக்குத்தான்" என்றாள் நிடியா. அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்புறம் தோன்றியது.

அவர் போன அன்று அவள் படுக்கை விரிப்பை உருவவில்லை. மறுநாளும் உருவவில்லை. மூன்றாம் நாள், ஆற்றைப் பார்த்த அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் துவைத்துப் போட்டாள். விரிப்பு நனைந்தது. முகம் போகவில்லை.

ஜனவரி பதினைந்து வாக்கில் அவர் ஒரு தடவை போன் செய்தார். அங்கே பனி எப்படி என்று இவள் கேட்டாள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று அவர் கேட்டார். "சரி, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

"நீ கூப்பிடேண்டி" என்றாள் செபீனா.

"நான் கூப்பிட்டேன்னு வந்த மாதிரி ஆயிடும். அவரா வரணும்."

"வரலேன்னா?"

நிடியா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்த அறைக்குப் போனாள்.

மாதாவின் திருவிழா நெருங்க நெருங்க ஊர் வீங்கிப்போயிற்று. ஒரு வருஷத்து ஜனமெல்லாம் ஒரு வாரத்தில் வந்து இறங்கியது. வாத்தியக்காரர்கள் தாழ்வாரங்களில் தூளி கட்டிப் படுத்தார்கள். கார்களுக்குள் குடும்பங்கள் தூங்கின. ஆற்றைப் பார்த்த அறையைக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். நிடியா எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "ஆள் இருக்கு."

"எங்க இருக்கு?" என்றான் செவேரோ. அன்றைக்கு அவன் முகத்தில் கேலி இல்லை. "அக்கா, ஊர் பார்க்க வர்றவங்க போற அன்னைக்கு எல்லாத்தையும்தான் சொல்வாங்க. அடுத்த வருஷம் வர்றேன், உங்களை மறக்கமாட்டேன், எங்க வீட்டுக்கு நீங்களும் வரணும். எத்தனை பேர் சொல்லியிருக்காங்க உங்கிட்ட? ஒருத்தராவது வந்திருக்காங்களா?"

"இவர் ஊர் பார்க்க வரலையே. ஆத்தைத்தானே பார்த்தாரு."

செவேரோ தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து போனான்.

ஜனவரி முப்பத்தொன்றில் குதிரை ஊர்வலம். வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்கள் நூற்றுக்கணக்கில் குதிரைமேல் வந்தார்கள். நிடியா ஐஸ் வாங்கப் போகிறேன் என்று மூன்று தடவை பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்வந்தாள். மறுநாள் காளைகளை ஆற்றில் நீந்தவிட்டு இக்கரைக்குக் கொண்டுவந்து தெருவில் அவிழ்த்துவிட்டார்கள். ஊரே கூச்சலும் ஓட்டமுமாக இருந்தது. காய்ச்சலில் சுருண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அவள் வாசலில் வந்து நின்றாள். நிடியா தன் சொந்த அறையை, தன் கட்டிலோடு, அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் தூளி கட்டிக்கொண்டாள்.

"அந்த அறையில என்ன, மாதாவையா கொண்டுவந்து வைக்கப் போறே?" என்றாள் செபீனா.

அன்று சாயங்காலம் நிடியா தன் போனை எடுத்துச் செவேரோவிடம் கொடுத்தாள். "வெச்சுக்கோ. கையில இருந்தா நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கறேன்." அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கடைசி பஸ்ஸும் வந்து போயிற்று.

இரண்டாம் தேதி, விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போதே அவள் அடுப்பை மூட்டினாள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை முந்தின நாளே, ஏன் என்று தன்னிடம்கூடச் சொல்லாமல், அரைத்து வைத்திருந்தாள். பன்றிக் கொழுப்பைச் சேர்த்துப் பிசைந்தாள். வாழை இலைகளை ஒவ்வொன்றாகத் தீயில் வாட்டினாள். மிளகாய்ச் சாந்தில் ஊறிய கறியை மாவுக்கு நடுவில் வைத்து மடித்துப் பொதிந்தாள். முப்பது நாற்பது பொட்டலம் ஆகியிருக்கும்போது செவேரோ காப்பிக்கு வந்தான். அடுப்பங்கரை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஃபெர்மின் சொல்லியனுப்பினார்" என்றாள் நிடியா, திரும்பாமல். "வர முடியலையாம். என்னையே செஞ்சு போடச் சொன்னார்."

"அப்படியா."

"நேத்து ராத்திரி போன் பண்ணினார்."

செவேரோ சட்டைப் பையிலிருந்து அவளுடைய போனை எடுத்து மாவுப் பலகையின் ஓரத்தில் வைத்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். ஒரு வாழை இலையை எடுத்தான். அக்காவும் தம்பியும் வெளிச்சம் வரும்வரை பொதிந்து கட்டினார்கள்.

மத்தியானம் மாதாவைப் படகில் ஏற்றினார்கள். நூற்றுக்கணக்கான படகுகள் கூடவே போயின. நிடியா செவேரோவின் படகில் முன்பக்கமாக உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் எதையாவது கேட்டுக் கும்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவே வாய் வரவில்லை. தண்ணீரில் கையை விட்டு வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பிறகு தாழ்வாரத்தில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து தமால் சாப்பிட்டார்கள். செவேரோவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. "வடக்கத்தியார் வாக்கு தப்பினாரா பார்த்தீங்களா! காய்ச்சல்ல படுத்துக்கிட்டும் போன் பண்ணிச் சொல்லியிருக்கார். நானா இருந்தா பொம்மையை முழுங்கியிருப்பேன்." எட்டாவது பொட்டலத்தை அவன் பிரித்தபோது நிடியா அவன் தட்டில் இன்னும் இரண்டை வைத்தாள். அவர்கள் இருவரும் அதைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளவே இல்லை.

நான்காம் தேதி பதினொன்றரை மணிக்கு அவள் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாசலில் ஃபெர்மின் நின்றார். கோட் இல்லை. மூன்று நாள் தாடி. இரண்டு கையாலும் ஒரு பெரிய தகர டின்னை அணைத்துப் பிடித்திருந்தார்.

"தமால்" என்றார். "நானே செஞ்சேன். ரெண்டு நாள் லேட்டு."

நிடியா கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி. "பஸ் கிடைக்கலையா?"

"கிடைச்சுது. முப்பதாம் தேதி டிக்கெட் எடுத்தேன். பஸ் ஸ்டாண்டுல போய் உட்கார்ந்தேன். பஸ் வந்துது. ஏறல. டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டே பஸ்ஸை அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாளும் அப்படித்தான்."

"ஏன்?"

அவர் டின்னைக் கீழே வைத்தார். "போன தடவை எஸ்தெலாவுக்காக வந்தேன். இந்தத் தடவை அவளுக்காகன்னு சொல்லிக்க முடியல."

நிடியாவுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று தெரியாத கோபம். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே! போன்ல ஆத்துத் தண்ணி எவ்வளவுன்னு கேட்கத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியாதா? நான் பஸ் வர்ற இடத்துலயே குடியிருந்தேன். கிறுக்கச்சி மாதிரி. ஊரே பார்த்துச் சிரிச்சுது."

"தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு?"

"எனக்கு வேணும்" என்றார் அவர். "இதைவிடவும் வேணும். திட்டுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஈரத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு டின்னைத் தூக்கினாள். உள்ளே காய்ந்த சோளத் தோலில் சுற்றிய சின்னச் சின்னத் தமால்கள் கல்போலக் கிடந்தன. ஆவியில் ஏற்றினாள். அந்த வாசனைக்கோ, ஆளைப் பார்த்துவிட்டோ, செபீனா வந்துவிட்டாள்.

"அட, வாங்க! அன்னைக்குப் போட்டது பத்தாதுன்னு மறுபடியுமா? காய்ச்சல் தேவலையா?"

ஃபெர்மின் செபீனாவைப் பார்த்தார். பிறகு, அடுப்பைவிட்டுத் திரும்பாத நிடியாவின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு அசையவே இல்லை. அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தேவலைங்க" என்றார் மெதுவாக. "அன்னைக்கு… நல்லா இருந்துதா?"

"அதைக் கேட்கணுமா? வாழையிலையை அவிழ்க்கறதுக்குள்ள ஆளாளுக்குப் பறந்தாங்க." செபீனா இவருடையதில் ஒன்றைக் கடித்தாள். மென்றாள். இன்னும் மென்றாள். "இது என்ன ஐயா, மரப்பட்டையைச் சேர்த்துச் சுட்டீங்களா?"

செபீனா போன பிறகு நிடியா மிச்சத் தமால்களைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"என் பேர்லயா போட்டீங்க?" என்று கேட்டார் ஃபெர்மின்.

"ஊர் வாயில உங்க பேர் கெட்டுப் போகக்கூடாதுன்னு."

அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. இரண்டு பேரும் அந்த மரப்பட்டைத் தமாலை, உப்பு கரிக்கக் கரிக்க, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

திருவிழா முடிகிற ஒன்பதாம் தேதி வரை அவர் ஆற்றைப் பார்த்த அறையில் இருந்தார். சாயங்காலங்களில் மரப்பலகை மேடையில் ஜனங்கள் காலால் தாளம் போட்டு ஆடுவதைப் போய்ப் பார்த்தார்கள். நிடியாவும் ஒரு தடவை ஏறி ஆடினாள். கிளம்பும் நாளில் பஸ் பக்கத்தில் நின்றுகொண்டு ஃபெர்மின், "ஈஸ்டருக்கு முந்தின வாரம் நீங்க அங்க வரலாமே. என் தங்கச்சி வீட்டுல தங்கலாம்" என்றார்.

"நான் எங்கயும் போனதில்லைன்னு சொன்னேனே."

"நானும் அதையேதான் சொன்னேன்."

அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் போயிற்று.

மழையில்லாத அந்த ஒன்றரை மாதம் அவளுக்கு நீளமாக இருந்தது. ஆறு கீழே இறங்கி, கரையில் சேறு வெடித்தது. வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள், போனவர்களின் விரிப்பைத் துவைத்தாள். கை வேலை செய்யும், மனசு எங்கோ பார்த்திராத ஒரு மலை ஊரில் குளிரில் நிற்கும். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட்டார். வரச் சொல்லி ஒரு தடவைகூட மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் கடைசியில் ஒரு காலை, செவேரோ காப்பிக்கு வந்தபோது, மேஜைமேல் சாவிக்கொத்து இருந்தது. நாற்காலியில் ஒரு பை இருந்தது.

"ரெண்டு அறைக்கும் ஆள் வருவாங்க. உனக்கு முட்டை பொரிக்கவாவது தெரியுமா?" என்றாள் நிடியா.

செவேரோ பையைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான். "பட்டினி போட்டா சீக்கிரம் கிளம்பிடுவாங்க. எனக்கு நல்லதுதானே" என்றான். பிறகு குரல் இறங்கி, "எப்பக்கா திரும்பி வருவே?"

"தெரியலடா."

அவனே பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். ஜன்னலோரமாக உட்கார வைத்தான். பஸ் நகரும்வரை நின்றுகொண்டிருந்தவன், நகர்ந்ததும் கூடவே பத்தடி ஓடிவந்து, "உப்பு எங்க இருக்கு?" என்று கத்தினான். அவள் சொன்ன பதில் இரைச்சலில் அவனுக்குக் கேட்டிருக்காது.

சாலை கொஞ்ச தூரம் ஆற்றோடு போயிற்று. பிறந்ததிலிருந்து தன் ஊரில் மட்டுமே பார்த்த ஆறு, இங்கே வேறு யார் யாருடைய வாசல்களையோ தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கரும்புக் காடு வந்து அதை மறைத்துவிட்டது. கிளம்பி அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. போகிற ஊரின் ஞாபகமும் அதே அளவுக்கு வந்தது. பக்கத்து சீட்டிலிருந்த பெண் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, பாதியை இவளிடம் நீட்டினாள்.

"எங்க போறீங்க?"

"சகதேகஸ்" என்றாள் நிடியா. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை.